பாஸ் என்றொரு மாற்றுப் பேர்

பிரைபர்க், ஜெர்மனி
3-2-1957

அன்புள்ள அஞ்சலைக்கு,

தை பிறந்த கையோடு நமக்குப் பூ வைத்து வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள் என்று உன் அப்பா கலியமூர்த்தி மாமா எழுதியிருந்தார். மாப்பிள்ளை இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்துக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைக்குக் காவல், நெல்லித்தோப்பில் நிச்சயதார்த்தம். என் நாற்காலியில் என் போட்டோவை வைத்தீர்களாம். அதற்கு மாலை போடாமல் விட்டீர்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்த உன் கடிதத்தைப் பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக "ஏய் தெய்வநாயகம்" என்று ஆரம்பிப்பவள், இந்தத் தடவை "அன்புள்ள" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறாய். நீ, வா, போ எல்லாம் போய் நீங்கள், வாருங்கள் வந்துவிட்டது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு எழுதியது எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். உறையில் மட்டும் என் பேர் இருக்கிறது, டைப் அடித்து. மெஷின் சொன்னால் குற்றமில்லை போலிருக்கிறது.

இதில் எனக்கு நிஜமாகவே ஒரு வருத்தம் உண்டு. என் அம்மா என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தாத்தா பேர். அது அவளுக்கு மாமனார் பேர். மாமனார் பேரை எந்த மருமகள் வாயால் சொல்வாள்? அதனால் அவளுக்கு நான் "பெரியவன்". எனக்குப் பின்னால் சின்னவன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை, ஆனாலும் நான் பெரியவன்தான். இங்கே படையில் என் பேரை "தெவானயகா" என்று கடித்துத் துப்புகிறார்கள். அதை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் நீ. தெருக்கோடியிலிருந்து நீ கூப்பிட்டால் மீன் கூடைக்காரிகூடத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அந்த வாயையும் வெற்றிலை பாக்கு வைத்து அடைத்துவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் என் நான்கு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்ததும் கல்யாணம். அதற்குள் நீ அந்த டைப் வேலையை விட்டுவிட வேண்டும். கிடங்குக்கு வந்துபோகும் அமெரிக்க சார்ஜென்ட் ஒருவன் அடிக்கடி சொல்வான், ஒரு வீட்டுக்கு ஒரு பாஸ்தான் இருக்க முடியுமென்று. எனக்கு அது சரியாகப் படுகிறது. நம் வீட்டுக்கு நான் பாஸ். கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், விமானத் தபாலில், ரிஜிஸ்டர் செய்து. உள்ளே என்ன என்று சொல்ல மாட்டேன். அதற்குள் ஒரு சீட்டும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு கேள்வி. பார்சலைப் பிரித்ததும் பதில் எழுது.

உன் பாஸ்,
தெய்வநாயகம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
18-2-1957

அன்புள்ள ————,

கோட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நீளமாகவே இழுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருகிற நாளில் பச்சையம்மாள் அத்தை அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். நான்தான் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் பேர் வருகிற இடத்தில் நான் இருமுவேன். அத்தை "ம்ம், மேல படி" என்று சொல்லும். உங்கள் அம்மாவும் நானும் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். உங்கள் பேரைச் சொல்ல எனக்கென்ன ஆசையில்லையா? பூ வைத்த அன்றைக்கே தெருப் பெண்கள் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள், இனி மாப்பிள்ளை பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையுமென்று. நம்புகிறேனோ இல்லையோ, பட்டாளத்தில் இருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் சோதனை செய்து பார்ப்பேனா?

பாஸ் விஷயம் வேறு. அதில் எனக்கு நல்ல கோபம்.

இந்த ஊரில் பிரெஞ்சுக்காரன் போனதும் ஆபீஸ் காகிதமெல்லாம் ஒரே மூச்சில் இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. டைப் அடிக்க ஆள் இல்லை. நான் படித்துப் பாஸ் செய்து, நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை. நேற்றுவரை நாங்கள் பிரெஞ்சில் பத்ரோன் என்று கூப்பிட்ட முதலாளியை, சென்னையிலிருந்து வந்த இரண்டு குமாஸ்தாக்கள் இப்போது பாஸ் என்கிறார்கள். மனுஷர் அதே மனுஷர்தான், அதே வழுக்கை. அவராவது என்னிடம் "இந்தக் கடிதத்தை அடிச்சுக் குடும்மா" என்று கேட்பார். நீங்கள் ஜெர்மனியிலிருந்து உத்தரவு போடுகிறீர்கள்.

ஆபீஸ் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். கொச்சைப் பேச்சு என்று போட்டு, எஜமானன் என்று பொருள் போட்டிருக்கிறது. அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது, எவன் எவனை முதலில் அப்படிக் கூப்பிட்டான், ஒன்றும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு சொல்லை யாரோ சார்ஜென்டிடம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறீர்களே. பெண் எடுக்கும்போது குலம் கோத்திரம் விசாரிப்பார்கள் அல்லவா? அதே மாதிரி அந்தச் சொல்லின் குலம் கோத்திரத்தை விசாரித்து எழுதுங்கள். அப்புறம் நீங்கள் பாஸா இல்லையா என்று நான் யோசிக்கிறேன்.

வேலையை விட மாட்டேன். பார்சல் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
அஞ்சலாட்சி

பிரைபர்க்
9-3-1957

அன்புள்ள அஞ்சலைக்கு,

அம்மாடி, என்ன காரம். கடிதத்தைப் பிரித்தபோது எனக்குத் தும்மலே வந்துவிட்டது.

சொன்னபடி விசாரித்தேன். அமெரிக்க சார்ஜென்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாஸ் என்றால் பாஸ்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றான். ஆனால் வாரம் ஒருமுறை ஹாலந்திலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவரும் லாரிக்காரன் ஒருவன் இருக்கிறான், பேர் பீட். அவன் என்னைப் பார்த்ததும் "பாஸ், எங்கே இறக்கட்டும்?" என்றுதான் கேட்பான். இத்தனை நாள் அவன் இங்கிலீஷ் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால், "இது எங்க பாஷை, இங்கிலீஷ்காரன் எங்ககிட்ட எடுத்துக்கிட்டான்" என்கிறான். அவர்கள் அதைக் கொஞ்சம் இழுத்து, பா...ஸ் என்று சொல்கிறார்கள். பட்டறை மேஸ்திரி, கப்பல் தலைவன், வீட்டு எஜமானன், எல்லாருக்கும் அதே சொல்தானாம். நியூயார்க் ஒரு காலத்தில் டச்சுக்காரன் ஊராம். அங்கே இறங்கி அமெரிக்கா பூராவும் பரவிவிட்டது.

அதாவது நல்ல குடும்பத்துச் சொல். டச்சும் ஜெர்மனும் இங்கிலீஷும் பங்காளிகள் என்று பீட் சொல்கிறான். ஆக, குலம் கோத்திரம் சரியாக இருக்கிறது. பாஸ் நான்தான்.

வேலை விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன் பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். அதை நான் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன்.

பார்சல் இந்நேரம் வந்திருக்க வேண்டும். பிரித்தாயா? சீட்டைப் படித்தாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுது.

தெய்வநாயகம்

நெல்லித்தோப்பு
30-3-1957

அன்புள்ள ————,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் இப்போதே பல்லைக் காட்டுகிறது. அப்பாவுக்குக் கணுக்கால் பிசகி, இப்போது தேவலை. அத்தைக்குச் சளி. ஆபீஸில் புது மெஷின் வந்திருக்கிறது, அதில் "ஏ" எழுத்து மட்டும் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

டச்சுக்காரன் சொன்னது சுவாரசியமாக இருந்தது. ஆனால் பாதிதான் விசாரித்திருக்கிறீர்கள். இங்கிலீஷில் எஜமானனுக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது, அமெரிக்காக்காரன் எதற்கு அடுத்தவன் சொல்லைக் கடன் வாங்கினான்? அதைக் கேட்டு எழுதுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அஞ்சலாட்சி

பிரைபர்க்
22-4-1957

அஞ்சலைக்கு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். விசேஷம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நான் அனுப்பிய பார்சல் இன்று காலை திரும்பி வந்தது. மேலே ஒரு முத்திரை: பெற்றுக்கொள்ளப்படவில்லை. கட்டின சணல்கூட அவிழ்க்கப்படவில்லை.

பதில் இதுதான் என்றால் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். கணுக்காலும் சளியும் மெஷினில் சிக்குகிற எழுத்தும் எழுத உனக்குக் கை வந்தது.

அதில் இருந்த கேள்வியை இப்போது சொல்கிறேன். இனி மறைத்து என்ன? பெரியவர்கள் கேட்டார்கள், பெரியவர்கள் சொன்னார்கள். நான் உன்னைக் கேட்கவே இல்லை. "என்னைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா?" இதுதான் அந்தச் சீட்டு. கூட ஒரு கடிகாரம், இந்த ஊர் மலைக்காட்டில் மரத்தில் செய்கிறது. மணிக்கொரு தரம் கதவைத் திறந்துகொண்டு ஒரு குயில் கூவும். உனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

வேலையை விடச் சொன்னதற்கு இது பதில் என்று புரிகிறது. யாரையும் வற்புறுத்திக் கட்டிக்கொள்கிறவன் நான் இல்லை. இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேலதிகாரி காகிதம் கொடுத்திருக்கிறார். மே முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள். அவளிடம் இதைப் படிக்க வேண்டாம்.

தெய்வநாயகம்

நெல்லித்தோப்பு
3-5-1957

அன்புள்ள ————,

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு மீதியை எழுதுகிறேன். பேனாவைக் கீழே வையுங்கள், அந்தக் காகிதத்தின் மேல் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை வையுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

மார்ச் முதல் வாரம் பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. அத்தையும் நானும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனோம். பார்சல் கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனுஷர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. "நெல்லித்தோப்புல மட்டும் நாலு அஞ்சலாட்சி இருக்காங்கம்மா. ரெண்டு பேருக்கு வெளிநாட்டுல ஆள் இருக்குது. அனுப்புனவர் பேரைச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தது.

உலகத்தில் உங்கள் பேர் நன்றாகத் தெரிந்த இரண்டு பெண்பிள்ளைகள் அந்தக் கவுன்ட்டரில் நிற்கிறோம். ஒருத்திக்கு மாமனார் பேர், ஒருத்திக்கு மாப்பிள்ளை பேர். பின்னால் வரிசையில் நம்மைத் தெரியாத வேற்றுத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர் மறுபடி கேட்டார். அத்தைதான் துணிந்து, "சாமிக்கு இன்னொரு பேரு இருக்குதில்ல, அது முன்னால. தலைவனுக்கு இன்னொரு பேரு, அது பின்னால" என்றது. அவரும் பாவம், முயற்சி செய்தார். சாமிராஜுவா, ஈஸ்வரமூர்த்தியா, கடவுள்துரையா என்று கேட்டார். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் பரமசிவம் என்றார். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரர் பேரையே ஜாடையில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பார்சல் மட்டும் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, உங்கள் கையெழுத்து எனக்குத் தெரிகிற தூரத்தில்.

எழுதித் தருகிறேன் என்று நான் பென்சிலை எடுத்தேன். அப்போது அத்தை தொண்டையைக் கனைத்தது. அந்தக் கனைப்பை உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசில் நாம் ஊறுகாய் ஜாடியில் கை விடும்போது கனைக்குமே, அதே கனைப்பு. பூ வைத்து ஒன்றரை மாசம் ஆகவில்லை, அதற்குள் மாமியார் முன்னால் பேரை எழுதி நீட்டுகிறாளே என்று நினைத்துவிடும் என்று பென்சிலை வைத்துவிட்டேன். அப்பாவை அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாளே அப்பாவுக்குக் கணுக்கால் பிசகியது. அவர் எழுந்து நடந்து போவதற்குள் கெடு முடிந்து பார்சல் கப்பலேறிவிட்டது.

இதை எப்படி எழுதுவேன்? படித்த பெண், இங்கிலீஷில் டைப் அடிக்கிறவள், ஒரு பேரைச் சொல்லத் தெரியாமல் பார்சலை விட்டுவிட்டு வந்தாள் என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் கணுக்கால், சளி. அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

உங்கள் கேள்விக்கு நான் இப்போது பதில் எழுத மாட்டேன். அந்தச் சீட்டை என் கையில் பிடித்து, உங்கள் எழுத்தில் படித்துவிட்டுத்தான் எழுதுவேன். என்னை யாரும் கேட்டதே இல்லை, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சும்மா விட்டுவிட எனக்கு மனசில்லை. பார்சலை மறுபடியும் அனுப்புங்கள்.

வேலையை விட மாட்டேன் என்பதை மறுபடியும் எழுதிவைக்கிறேன். அது வேறு, இது வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

அஞ்சலாட்சி

பிரைபர்க்
14-5-1957

அன்புள்ள அஞ்சலை, அஞ்சலாட்சி, என் கண்ணே,

கிடங்கில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அழுதும் விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு என்னவென்று பிரெஞ்சில் விளக்க முடியவில்லை. என் அம்மாவுக்கும் எனக்கு நிச்சயித்த பெண்ணுக்கும் என் பேர் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள் என்றேன். உனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. நீ சொன்னபடியே அதன் மேல் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்தேன். இப்போது அது நசுங்கி, மண் அப்பி, யாருக்கும் கொடுக்கிற நிலையில் இல்லை. ஆவணியில் வருகிறேன்.

உன் பாதிக் கேள்விக்குப் பதில் தேடி சனிக்கிழமை ஊர் நூலகத்துக்குப் போனேன். ஹெர்ட்டா என்றொரு அம்மாள் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறாள். என் பட்டாளத்துச் சட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். ஒரு சொல்லின் பூர்வீகம் வேண்டும், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கேட்டிருக்கிறாள் என்றேன். உடனே நாற்காலி போட்டாள். தலையணை கனத்தில் மூன்று அகராதிகளைத் தூக்கி வந்தாள்.

கேள். அமெரிக்காவில் கூலிக்குப் போனவர்களுக்கு "மாஸ்டர்" என்ற சொல் வாயில் வரவில்லையாம். அது அடிமைகள் எஜமானனைக் கூப்பிடுகிற சொல். நாங்கள் வேலைக்கு வந்தவர்கள், அடிமைகள் இல்லை, அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம் என்று, டச்சுக்காரனுடைய சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு பேரைச் சொல்ல மாட்டேன் என்பதற்காகவே பிறந்த சொல். அதை நான் உன்மேல் உத்தரவு போட எடுத்துக்கொண்டு வந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது. டச்சுக்காரன் அதை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டேன். அது நிச்சயமாகத் தெரியாது என்றாள் ஹெர்ட்டா. ஆனால் அந்தச் சொல்லுக்கு முதலில் மாமன், சித்தப்பன் மாதிரி ஏதோ உறவுப் பொருள் இருந்திருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அதற்குப் பக்கத்துச் சொந்தம் பழைய ஜெர்மன் சொல் ஒன்று: பாஸா. அதற்கு என்ன பொருள் தெரியுமா? அப்பாவின் கூடப்பிறந்தவள். வேறு யாரும் இல்லை, அப்பாவுடைய அக்கா தங்கை மட்டும்தான்.

நான் மேஜையைத் தட்டிவிட்டேன். நூலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பாஷையில் இதற்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது, அத்தை, என் அம்மா அந்தப் பெண்ணுக்கு அதேதான் என்றேன். ஹெர்ட்டா, இதை ஒத்துக்கொள்ளாத பண்டிதர்களும் இருக்கிறார்கள், சாட்சியம் போதாது என்று எச்சரித்தாள். பண்டிதர்களுக்கு வேண்டுமானால் சாட்சியம் போதாமல் இருக்கலாம். அவர்கள் பச்சையம்மாளைப் பார்த்ததில்லை.

ஆகவே நான் பதவியிலிருந்து இறங்கிக்கொள்கிறேன். வேலையை விடு என்று இனி சொல்ல மாட்டேன். நாலு பேர் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன், என் காது கெட்டியான காது. நான் வந்து வேலை தேடுகிறவரைக்கும் உன் சம்பளத்தில் சாப்பிடவும் எனக்குச் சம்மதம், மீன் குழம்பு மட்டும் அம்மா வைக்க வேண்டும்.

பார்சலை அனுப்பிவிட்டேன். அதே குயில், அதே சீட்டு. கூட ஒன்று புதிதாக வைத்திருக்கிறேன். பயப்படாதே, இந்தத் தடவை கலியமூர்த்தி மாமாவை முதலிலேயே அனுப்பு.

இப்படிக்கு,
பாஸ் இல்லாத
தெய்வநாயகம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
27-6-1957

ஏய் தெய்வநாயகம்,

கோடு போடவில்லை, பார்த்தாயா? ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று முன்தினம் பார்சல் சீட்டு வந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானே போகிறேன் என்றேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கடல் கடந்து இருக்கிற கூலிக்காரன்கூட வேண்டாத பேரைச் சொல்ல மாட்டேன் என்று தைரியமாக நின்றான். நான் வேண்டிய பேரைச் சொல்ல மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அத்தையும் கூட வந்தது. வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அதே கவுன்ட்டர், அதே மனுஷர். எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். போன தடவை இருந்த கூட்டத்தில் பாதி இந்தத் தடவையும் இருந்தது. "அனுப்புனவர் பேரு?" என்றார். அத்தை கனைத்தது.

நான் "தெய்வநாயகம்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். காதில் விழவில்லை என்றார். "தெய்வநாயகம்" என்று மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை, பழையபடி, தெருக்கோடியிலிருந்து கூப்பிடுகிற குரல் தானாக வந்துவிட்டது. ஆபீஸ் பூராவும் திரும்பிப் பார்த்தது. வரிசையில் ஒருத்தர் "அட, தெய்வநாயகமா, இது தோணாமப் போச்சே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். உறவு என்ன என்று கேட்டார் கவுன்ட்டர்காரர். "கட்டிக்கப் போறவரு" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அத்தை திரும்பிப் பார்க்காமல் முன்னால் விறுவிறுவென்று நடந்தது. கல்யாணம் நின்றாலும் நின்றதுதான் என்று நினைத்துக்கொண்டே பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மார்க்கெட் திரும்புகிற முனையில் நின்றது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றது.

எனக்குப் புரியவில்லை. "அந்தப் பேரைத்தான்டி. இன்னொரு தரம் சொல்லு. இருபத்தாறு வருஷமா பெத்த புள்ளைய நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீ சின்னப் பொண்ணா தெருவுல கத்துவ, நான் அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்குவேன். பூ வச்சதும் நீயும் நிறுத்திட்ட. வீடே ஊமையாயிடுச்சு."

அன்றைக்கு எதற்குக் கனைத்தாய் அத்தை என்று கேட்டேன்.

"சொல்லுடின்னுதான் கனைச்சேன். வேற இன்னாத்துக்கு?"

பார்த்தாயா தெய்வநாயகம். ஒரு கனைப்பைத் தப்பாகப் படித்துவிட்டு ஒரு கல்யாணத்தையே கப்பலேற்றிவிட இருந்தேன். அந்த முனையிலேயே நின்று அத்தைக்கு ஐந்து தடவை சொன்னேன். பூக்காரி எங்களைப் பார்த்துவிட்டு, பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். குயில் கூவுகிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. குயில் ஒவ்வொரு தரம் வெளியே வரும்போதும் அத்தை, "தோ, கூப்பிடுறான் பாரு" என்கிறது. அதற்கடியில் நீ வைத்திருந்த டைப் மெஷின் ரிப்பன் இரண்டையும் எடுத்தேன், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு சீட்டைப் படித்தேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன். எத்தனை பேர் பெண் கேட்டு வந்தாலும், என்னைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். வேலையை விடு என்று சொன்ன அதே கையால் ரிப்பன் வாங்கி வைத்தவனும் நீதான். கண்ணில் தண்ணீர் வந்து எழுத்து மறைந்துவிட்டது.

பாஸா என்ற சொல்லை அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். பண்டிதர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. "சந்தேகம் அவங்களுக்கு இருந்துட்டுப் போவுது" என்றது அத்தை. பிறகு பதவி ஏற்றுக்கொண்டு முதல் உத்தரவு போட்டது. அதைச் சொன்னது சொன்னபடி எழுதச் சொல்லியிருக்கிறது:

"தாலி கட்டின பொறவும் நீ அவனைப் பேரு சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கும் சேத்து நீயே கூப்பிடு. எவளாச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

பாஸ் சொன்ன பிறகு நான் மீற முடியுமா?

சம்மதம், தெய்வநாயகம். சீக்கிரம் வா, தெய்வநாயகம்.

உன்,
அஞ்சலை